நட்ட கணக்கும் நின்ற கணக்கும்

2024 ஜூலை 20, சனி. கிள்ளை

சிதம்பரத்தில் இறங்கிக் கிள்ளை வந்து சேர்வதற்குள் ஆடிக்காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துவிட்டது. விருந்தினர் மூவரும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆய்வு மாணவி. கென்யாவின் காசி விரிகுடாவில் அலையாத்திக் காட்டோடு வேலை செய்கிற பெண்மணி ஒருவர். பிலிப்பைன்ஸின் பனாய் தீவிலிருந்து ஒருவர். பிச்சாவரத்தையும் முத்துப்பேட்டையையும் சேர்ந்து பார்ப்பது, அவரவர் ஊரில் எது பிழைத்தது, எது செத்தது என்று மனம்விட்டுச் சொல்வது, இவ்வளவுதான் திட்டம். மேடை கிடையாது, பதாகை கிடையாது. எனக்கு இப்படித்தான் பிடித்திருக்கிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு, மே மாதம் வெளியான மதிப்பீட்டுக்குப் போனது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் உலகின் அலையாத்திக் காடுகள் அனைத்தையும் முதல் தடவையாக ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்திருக்கிறது. 44 நாடுகளைச் சேர்ந்த 250-க்கும் மேற்பட்ட வல்லுநர்கள் அதில் உழைத்திருக்கிறார்கள். உலகின் அலையாத்தி மண்டலங்களில் பாதி 2050-க்குள் குலைந்துபோகும் ஆபத்தில் இருக்கின்றன என்பது அவர்கள் முடிவு. அதில் தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றும் சேர்ந்து ஒரே மண்டலம். அந்த மண்டலத்துக்குக் கிடைத்திருப்பது இருப்பதிலேயே மோசமான வகை.

“அக்கா, எங்கட வாவியும் உங்கட பிச்சாவரமும் ஒரே நோயாளிதான். ரெண்டு கட்டில்ல கிடக்குது, அவ்வளவுதான்” என்றாள் மட்டக்களப்புப் பெண்.

பாக் நீரிணைக்கு இரண்டு பக்கமும் ஒரே மரங்கள், ஒரே சேறு, ஒரே பருவக்காற்று. ஆனால் அவளும் நானும் ஒருவர் ஆய்வை மற்றவர் படிப்பது பெரும்பாலும் ஐரோப்பிய ஆய்விதழ் ஒன்றின் வழியாகத்தான். இது எனக்கு நெடுநாளாக உறுத்துகிற விஷயம்.

ஜூலை 21, ஞாயிறு. பிச்சாவரம்

பௌர்ணமி. ஏற்றம் பெரிதாக இருக்கும், விடியலிலேயே கிளம்பிவிட வேண்டும் என்று படகுக்கார அண்ணன் நேற்றே சொல்லிவிட்டார். சுற்றுலாப் படகுகள் போகும் சுரபுன்னைச் சந்துகளைக் கடந்து, தாங்குவேர்கள் வளைந்து நீரில் இறங்கும் அந்த ஓரத்தை விட்டு உள்ளே போனால்தான் நான் காட்ட நினைத்த இடம் வரும். அங்கே வெண்கண்டல் மரங்கள் தலைக்கு மேல் கூடி நிற்கின்றன. சேற்றிலிருந்து விரல்விரலாக மூச்சுவேர்கள். நடுவில் நேராக ஒரு வாய்க்கால், அதன் இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள். வானத்திலிருந்து பார்த்தால் மீனின் முதுகெலும்பும் முள்ளும் தெரியும். மீன்முள் வாய்க்கால் என்றே இதற்குப் பெயர்.

“இது தானாக வந்த காடா, நட்ட காடா?” என்று கென்யப் பெண்மணி கேட்டார். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. இத்தனை ஆண்டு இந்தக் காடுகளில் அலைந்தவருக்கே தெரியவில்லை என்பதைவிட நல்ல சான்றிதழ் இந்த இடத்துக்கு வேண்டியதில்லை.

கதையை அவர்களுக்குச் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் நம் ஊரிலேயே பலருக்கு இது தெரியாது. ஆங்கிலேயர் காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு பகுதியையும் அடியோடு வெட்டினார்கள். வெட்டிய இடம் சில பத்தாண்டுகளில் தானே தழைத்துவிடும் என்பது கணக்கு. சுதந்திரத்துக்குப் பிறகும் 1970கள் வரை இந்த முறை நீடித்தது. காடு தழைக்கவில்லை. நிழல் போன சேற்றில் வெயில் நேராக இறங்கியது. மண்ணிலிருந்த நீர் ஆவியாகி, மட்கு அழிந்து, தரை அமிழ்ந்தது. சுற்றிலும் மேடு, நடுவில் தாம்பாளமாகப் பள்ளம். ஏற்றத்தில் உள்ளே வந்த நீருக்கு வற்றத்தில் வெளியேற வழியில்லை. தேங்கி, காய்ந்து, உப்பை விட்டுவிட்டுப் போனது. கடல்நீரை மிஞ்சிய உப்பு ஏறிய அந்த மண்ணில் எந்த விதையும் வேர்பிடிக்கவில்லை.

இந்த அழிவுக்கு எத்தனையோ வருடம் பழி சுமந்தவர்கள் இங்கே விறகு பொறுக்கியவர்களும் மாடு மேய்த்தவர்களும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990களில் பழைய ஆவணங்களையும் மண்ணையும் நீர்மட்டத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் காரணம் வெட்டும் முறையிலும் அதனால் மாறிப்போன தரையிலும் இருக்கிறது என்று தெரிந்தது. ஏழைகள் மேல் விழுந்த பழியை ஒரு மண் ஆய்வு துடைத்தது. அறிவியல் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் இதை நான் மிக உயரத்தில் வைப்பேன்.

காரணம் தெரிந்ததும் வைத்தியம் எளிதாயிற்று. இயற்கையான ஓடையிலிருந்து பள்ளத்துக்குள் ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து கிளைகள். ஏற்றம் உள்ளே வந்தது, வற்றம் உப்பைக் கழுவிக்கொண்டு போனது. வாய்க்கால் சரிவில், நீர் தொட்டு நனைக்கும் ஆனால் மூழ்கடிக்காத உயரத்தில் வெண்கண்டல் கன்றுகளை வைத்தார்கள். தமிழ்நாடு வனத்துறையும் கிராமத்து மக்களும் கூட நின்றார்கள். இந்தியா–கனடா சுற்றுச்சூழல் நிதியம் 2004 வரை பணம் தந்தது. இதே முறை ஆந்திரத்துக்கும் ஒடிசாவுக்கும் போனது. 1986-க்கும் 2002-க்கும் இடையே பிச்சாவரத்தில் காடு மூடிய பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

பனாய்க்காரர் இடுப்பளவு சேற்றில் இறங்கி வாய்க்காலின் சாய்வையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சில கிளைகளில் வண்டல் அடைத்திருக்கிறது. தூர்வாராவிட்டால் மறுபடியும் பழைய கதைதான். வாய்க்கால் வெட்டப் பணம் தர நிதியங்கள் உண்டு. தூர்வார யார் தருவார்கள்?

திரும்பும்போது ஓடைக்குள் இருளர் பெண்கள் இறால் தேடிக்கொண்டிருந்தார்கள். கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, கையால் சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பறியில் போடுகிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. வயதான ஒருவரிடம் வாய்க்கால்களைப் பற்றிக் கேட்டேன். “நிக்கிற தண்ணியில இறா கூட நிக்காதும்மா. வரணும், போவணும்” என்றார்.

ஜூலை 22, திங்கள். எம்.ஜி.ஆர். நகர்

கிள்ளைக்குப் பக்கத்தில் இருளர் குடியிருப்பு. ஆழிப்பேரலை நாளைப் பற்றிப் பேசச் சொன்னால் இங்கே எல்லாருக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. அன்று காலை காட்டுக்குள் இருந்தவர்கள் மரத்தைப் பிடித்துக்கொண்டதைச் சொன்னார்கள். நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

2005-இல் டென்மார்க், இந்தியா, மலேசியா உள்ளிட்ட நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின, மறைப்பில்லாத ஊர்கள் அடிபட்டன என்றது கட்டுரை. பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தின் கதிரேசனும் அவரோடு உழைத்தவரும் தனியாக ஆராய்ந்து அதே பக்கம் வந்தார்கள். அடுத்த ஆண்டே வேறு நாட்டு ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதே பெரும்பங்கு விளக்கம், மரத்துக்கு அவ்வளவு பெருமை தர முடியாது என்றார்கள்.

மட்டக்களப்புப் பெண் இந்த மறுப்பை வருத்தத்தோடு சொன்னாள். எனக்கு வருத்தமில்லை. காடு வேண்டும் என்பதற்காகக் காட்டின் மேல் பொய்யான பாரத்தை ஏற்றக்கூடாது. பெரிய அலை மரத்தையும் முறிக்கும். அன்றாடம் அரிக்கும் அலையைக் காடு தணிக்கிறது, இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் வீடாக இருக்கிறது, சேற்றுக்குள் கரியைப் பூட்டி வைக்கிறது. இவை யாரும் மறுக்காத காரணங்கள், இவையே போதும். ஆனால் பேரலைக்குப் பிறகு ‘மரம் சுவர்’ என்ற செய்தி மட்டும் உலகம் முழுக்க ஓடியது. பணமும் அதன் பின்னாலேயே ஓடியது. எங்கே நடுவது, எதை நடுவது என்று கேட்க ஆளில்லாமல் கரை நெடுக நட்டார்கள்.

ஜூலை 23, செவ்வாய். பயணம்

பகல் முழுக்க வேனில். கொள்ளிடத்தைக் கடக்கும்போது மணல்தான் அதிகம் தெரிந்தது. குடகில் நல்ல மழை, மேட்டூர் ஏறுகிறது என்று வழியில் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். டெல்டாவே கதவு திறக்கக் காத்திருக்கிறது. காவிரி நீர் கடைமடையைத் தாண்டி முகத்துவாரத்துக்கு வந்தால்தான் இந்தக் காடுகளில் உப்பு தணியும் என்பதை யாரும் பாசனக் கணக்கில் எழுதுவதில்லை.

வேனில் பனாய்க்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிலிப்பைன்ஸில் 1920களில் நாலரை லட்சம் எக்டேர் அலையாத்திக் காடு இருந்தது. 1990களில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. பெரும்பகுதி மீன்பண்ணையும் இறால் பண்ணையுமாக மாறிப்போனது. திரும்ப நடுவதற்குப் பன்னாட்டு வங்கிகளின் கடன் கோடிக்கணக்கில் வந்தது. ஜுர்கென் பிரிமவேரா என்ற அறிவியலாளர் 2008-இல் தம் சகாவுடன் சேர்ந்து அத்தனை திட்டங்களையும் புரட்டிப் பார்த்து எழுதினார். நெடுநாள் பிழைத்தது 10 முதல் 20 சதவீதம்தான். காரணம் கன்றல்ல, நிலம். மரம் வளரக்கூடிய மேட்டுச் சேறு பண்ணைக்காரர்கள் கையில் இருக்கிறது. அதில் கைவைத்தால் தகராறு. கடலோரத்துத் தாழ்ந்த சேற்றுக்கு உரிமை கொண்டாட ஆளில்லை. ஆகவே அங்கே நட்டார்கள், அலையிலும் ஆழத்திலும் செத்தது. கையில் எடுக்க எளிது, குத்தினால் நிற்கும் என்பதற்காகச் சுரபுன்னை இனத்தின் நீண்ட காயையே எங்கும் குத்தினார்கள். அந்த முகப்பில் இயற்கை வைத்திருந்த இனம் வேறு.

பிறகு அவர்கள் பாதையை மாற்றினார்கள். கைவிடப்பட்ட பண்ணைகளின் கரையை உடைத்துக் கடலை உள்ளே விட்டார்கள். இலோய்லோவுக்குப் பக்கத்தில் லெகானெஸில் அப்படி மீண்ட காட்டை அவர் கைப்பேசியில் காட்டினார். லண்டன் விலங்கியல் சங்கம் அவர்களோடு சேர்ந்து செய்த வேலை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ராபின் லூயிஸ் வாழ்நாள் முழுக்கச் சொன்னதும் இதையேதான்: முதலில் நீரின் வழியைச் சரிசெய், மரம் தானாக வரும், வராவிட்டால் மட்டும் நடு. ஃபுளோரிடாவில் ஒருவர், பனாயில் ஒருவர், பிச்சாவரத்தில் ஒரு குழு. வெவ்வேறு சேற்றில் நின்று ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஜூலை 24, புதன். முத்துப்பேட்டை

ஜாம்பவானோடையிலிருந்து படகு, கோரையாறு வழியாகக் காயலுக்கு. இங்கே கிட்டத்தட்ட முழுக்க வெண்கண்டல்தான். உப்பு தாங்குவதில் அதற்கு இணை குறைவு. பாமணியாறும் கோரையாறும் நன்னீர் கொண்டுவருவது பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் புரட்டிப்போட்ட மரங்களின் எலும்புகள் இன்னும் சில இடங்களில் வெளுத்துக் கிடக்கின்றன.

இந்த ஊரில் நான் காட்ட விரும்பியது மீனவர்களின் வாய்க்கால்கள். காயலிலிருந்து காட்டுக்குள் இவர்கள் வாய்க்கால் வெட்டி, ஏற்றத்தில் உள்ளே வரும் மீனை வற்றத்தில் பிடிப்பது பழைய வழக்கம். வாய்க்காலின் இரு கரையிலும் மரம் தானாகச் செழித்திருக்கும். விஞ்ஞானிகள் மீன்முள் வரைபடம் போடுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கரைகளில் விடை நின்றுகொண்டிருந்தது. ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் இவர்கள் பெயர் வருவதில்லை, நன்றியுரையில் ‘உள்ளூர் மக்கள்’ என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். இது மாற வேண்டும். வெளிநாட்டுக் கூட்டாய்வு என்றாலே மாதிரி எடுப்பது இங்கே, பெயர் அங்கே என்று ஆகிவிடக்கூடாது என்று பேசுகிற நாம், நம் ஊர் மீனவரிடம் அதையே செய்துகொண்டிருக்கிறோம்.

கென்யப் பெண்மணி இந்த இடத்தில் தம் ஊரைப் பற்றிச் சொன்னார். காசி விரிகுடாவில் 117 எக்டேர் காட்டை ஊரார் காக்கிறார்கள். காடு உறிஞ்சும் கரியை அளந்து, 2013 முதல் கரி வரவாக (கார்பன் கிரெடிட்) விற்கிறார்கள். ‘மிகோகோ பமோஜா’ என்று திட்டத்தின் பெயர். அளக்கும் முறையைக் கென்யாவின் கடல் மீன்வள ஆய்வு நிறுவனமும் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கின. பணத்தில் குடிநீர்க் குழாய் வந்தது, பள்ளிக்கூடத்துக்கு உதவி போனது. எதற்குச் செலவிடுவது என்று ஊர்தான் முடிவு செய்கிறது. கரி விற்பனை மேல் எனக்குச் சந்தேகங்கள் உண்டு. புகை விடுகிறவன் தொடர்ந்து விட அது அனுமதிச் சீட்டாகிவிடும். ஆனால் காட்டைக் காப்பதற்கான ஆண்டுக் கூலி ஊருக்குள்ளேயே வந்து விழ ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பிச்சாவரத்தில் தூர்வார யார் தருவார்கள் என்று கேட்டேனே, அதற்கு இது ஒரு விடை.

ஜூலை 25, வியாழன். முத்துப்பேட்டை

காற்று பலம், படகு போகவில்லை. விடுதித் திண்ணையில் உட்கார்ந்து மட்டக்களப்புப் பெண் கொண்டுவந்த கட்டுரையைப் படித்தோம். இந்த வாரத்தில் என்னை மிகவும் பாதித்தது இதுதான்.

பேரலைக்குப் பிறகு இலங்கையில் அலையாத்தி நட்ட இடங்களை இலங்கை ஆய்வாளர்கள் பெல்ஜியப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் போய் எண்ணினார்கள். 2017-இல் வெளியிட்டார்கள். 23 இடங்கள். 1,000 முதல் 1,200 எக்டேர் வரை மீட்கப் போட்ட திட்டத்தில், வெற்றி என்று சொல்லத்தக்கது 200 முதல் 220 எக்டேர் மட்டும். ஒன்பது இடங்களில் ஒரு மரம்கூட இல்லை. பாதிக்கு மேல் பிழைத்தது கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்று இடங்களில்தான். தவறான இடம், தவறான இனம், மாடு மேய்ந்தது, நட்டபின் போய்ப் பார்க்க ஆளில்லாதது எல்லாம் காரணம். நட்டபின் கவனித்த இடமே பெரும்பாலும் பிழைத்த இடம் என்று புள்ளிவிவரமே சொல்கிறது.

“இதை எழுதினதுக்கு அவயளை நிறையப் பேர் பேசினவை அக்கா. நாட்டைக் குறை சொல்லிப்போட்டாங்கள் எண்டு” என்றாள்.

எனக்குத் தெரிந்து, அந்தத் தீவுக்கு யாரும் செய்த நல்ல உதவிகளில் இது ஒன்று. இலங்கையின் பிற்கால முயற்சிகள் நடவை விட்டு நீரோட்டம், மண், ஊரார் பங்கு என்று பேசத் தொடங்கின. 2024-இல் ஐக்கிய நாடுகள் அவை அந்நாட்டின் அலையாத்தி மீட்பை உலகின் முன்னோடி மீட்புத் திட்டங்களில் ஒன்றாக அறிவித்திருக்கிறது. செத்ததை எண்ணியிருக்காவிட்டால் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கூட்டாய்வு எதற்கு என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நம்மிடம் விஞ்ஞானிகள் இல்லையா, பணம் இல்லையா என்று. இருக்கிறார்கள், பணமும் இருக்கிறது. ஆனால் நட்டவரே எண்ணினால் கணக்கு எப்போதும் நன்றாகவே வரும். வெளியிலிருந்து ஒரு கண், நமக்குக் கடமைப்படாத ஒரு கண், கூட நின்று எண்ண வேண்டும். அதேபோல் அவர்கள் ஊர்க் கணக்கை நாம் எண்ண வேண்டும். ஜப்பானின் ரேடார் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவி அலையாத்திக் காட்டைப் பார்க்கிறது. வேல்ஸ் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அதை வரைபடமாக்குகிறது. உலகம் முழுவதற்குமான அந்த வரைபடத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அந்தப் படத்தில் கூடிய பச்சையும் குறைந்த பச்சையும் தெரியும். அந்தப் பச்சைக்குள் இறால் வந்ததா, எந்த இனம் நிற்கிறது என்பது தெரியாது. அதற்குச் சேற்றில் இறங்க வேண்டும், உள்ளூர் ஆள் வேண்டும்.

சுவாமிநாதன் 1990-இல் ஜப்பானின் ஒகினாவாவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட பன்னாட்டு அலையாத்திச் சங்கத்தின் முதல் தலைவராக இருந்தார். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், ஐ.நா. பல்கலைக்கழகத்தோடும் யுனெஸ்கோவோடும் சேர்ந்து பல நாட்டு இளம் ஆய்வாளர்களுக்கு அலையாத்திப் பயிற்சி நடத்தியது. பிற நாட்டார் இங்கே கற்றுக்கொள்ள வந்த வரலாறு நமக்கு உண்டு. மட்டக்களப்பிலும் மன்னாரிலும் இருக்கிறவர்கள் சிதம்பரத்துக்கு வந்து ஒரு பருவம் தங்கிப் படிக்கவும், நம் பிள்ளைகள் அங்கே போகவும் நிலையான ஏற்பாடு ஒன்றாவது வேண்டும். நாளை பிரிவதற்குள் மூவரும் நானும் ஒன்று முடிவு செய்திருக்கிறோம்: நான்கு ஊரிலும் ஒரே முறையில் எண்ணுவது, செத்ததையும் சேர்த்து ஆண்டுதோறும் வெளியிடுவது.

ஜூலை 26, வெள்ளி. திருத்துறைப்பூண்டி ரயில் நிலையம்

இன்று உலக அலையாத்தி நாள். 2015-இல் யுனெஸ்கோ அறிவித்தது. தேதி எக்குவடோரிலிருந்து வந்தது. 1998-இல் இதே நாளில், சட்டத்தை மீறிக் காட்டை அழித்துக் கட்டிய இறால் பண்ணையை எதிர்த்து ஊரார் முய்ஸ்னேயில் போராடியபோது ஹேஹோ நானோட்டோ என்ற ஆர்வலர் மாரடைப்பில் இறந்தார்.

காலையிலிருந்து கைப்பேசியில் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பல கரைகளில் கன்று நடும் படங்கள், வரிசையாகப் பிள்ளைகள், சேறு பூசிய சிரிப்பு. அந்தப் பிள்ளைகளின் ஆசை உண்மையானது, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதனால்தான் பெரியவர்களிடம் கேட்கிறேன். உங்கள் ஊரில் யாராவது லட்சம் கன்று நட்டதாகச் சொன்னால், இந்த இடத்தில் முன்பு காடு இருந்ததா, ஏன் போனது, நீர் வந்துபோக வழி இருக்கிறதா என்று கேளுங்கள். ஐந்தாம் ஆண்டில் வந்து எண்ணப்போவது யார், அந்தக் கணக்கை எங்கே வெளியிடுவார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர்களுக்கு அடுத்த ஆண்டு கன்றும் தராதீர்கள், பணமும் தராதீர்கள்.